ஏழு கேன் டீசலும் ஆறு முதல் வெள்ளிகளும்

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஆறு மாதம் ஏழு கேன் டீசல் குடியிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அந்த வாடைதான் வாசலுக்கு வந்து என்னை வரவேற்கும். புடவையில் டீசல், தலையணையில் டீசல், ஒருநாள் ரசத்திலும் டீசல். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னிடம், "டீச்சர், நீங்க பஸ்ல வர்றீங்களா, பஸ்ஸ ஓட்டிகினு வர்றீங்களா?" என்று கேட்டது. அந்தப் பிள்ளையைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

நான் ராயபுரத்தில் ஒரு பள்ளியில் பதினெட்டு வருஷமாக அறிவியல் எடுக்கிறவள். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். திருவொற்றியூர்க் கரையில் அவருக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு, அதில் கையால் சுற்றிக் கிளப்பும் ஒரு டீசல் எஞ்சின், கூட வருவதற்கு இரண்டு கூட்டாளிகள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைக் கேட்டால், இவளுக்கு அறிவியலும் தெரியாது, படகும் தெரியாது என்று நினைத்துவிடுவீர்கள். எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

டீசல் விலை ஏறப்போகிறது என்று கரையில் ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. மணலியிலிருந்து டேங்கர் லாரிகள் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் நாள் முழுக்கப் போகின்றன; லாரி ஓட்டுகிற யாரோ டீக்கடையில் சொன்னதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான், என் வீட்டுக்காரர் முப்பத்தைந்து லிட்டர் பிடிக்கும் ஏழு கேன்களை நிரப்பி வந்து படிக்குக் கீழே வரிசையாக அடுக்கினார். விலை ஏறவில்லை. அடுத்த வாரம் அவர்தான் விழுந்தார்.

விழுந்தது கடலில் இல்லை. முப்பது வருஷம் ஆடுகிற படகில் நின்ற மனிதர், நெடுஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, யாரோ எதற்கோ தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் கால் வைத்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்து ஆறு ஸ்குரூ முடுக்கினார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடம் அலை அடித்துவிட்டதாகச் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நாலாவது ஆளிடம் சொல்லும்போது அந்த அலை தென்னைமர உயரம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் உள்ளறைக் கட்டிலில் படுத்தபடியே அவர் டீசலுக்கு அதிகாரியாகிவிட்டார். கேன் தரையில் படக்கூடாது, பலகை மேல் இருக்கவேண்டும். வெளிச்சம் படக்கூடாது, கோணிப்பை போட்டு மூடவேண்டும். கேன் கழுத்துவரை நிறைந்திருக்கவேண்டும், காலி இடம் விட்டால் அங்கே இருக்கும் காற்று ராத்திரிக் குளிரில் வியர்த்துத் தண்ணீராகி உள்ளே இறங்கும். ஒவ்வொரு கேனிலும் வாங்கிய தேதியைச் சாக்பீஸால் எழுதவேண்டும். சாக்பீஸ் என் பையில் எப்போதும் இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டளை: மூடியைத் திறக்கவே கூடாது.

"மூடி வெச்சா ஆறு மாசம் ஆனாலும் அப்டியே கீதும். தொறந்து தொறந்து மூடின, பேஜாராப் பூடும்" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை, முதல் வெள்ளிக்கிழமை தோறும், திறந்தேன்.

காரணம் இருந்தது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு இறக்கினாலும், பழுது பார்த்த படகை மறுபடி இறக்கினாலும், பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் தீர்த்தம் தெளிப்பார். அப்போது ஆட்கள் டீசல் கேனின் மூடியைத் திறந்து பிடித்துக்கொள்வார்கள். ஒரு துளி உள்ளே விழுந்தால் அன்றைக்குப் படகு வெறுங்கையோடு திரும்பாது என்று பேச்சு. சாமியாருக்கு இது தெரியாது, கேன் ஏதோ வழியில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

ஆபரேஷன் நடந்த அன்று, தியேட்டர் வாசலில் நின்று, அவர் கால் குணமாகவேண்டும் என்று மாதத்தின் முதல் வெள்ளிப் பூசை ஆறுக்கு நேர்ந்துகொண்டேன். படகு கரையில் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. வலை மூட்டையாகக் கட்டிக் கூட்டாளி வீட்டில் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது கேன் மட்டும்தான். அதனால் காலைப் பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து ஒரு பாட்டிலில் தீர்த்தம் பிடித்து வருவேன். அவர் எழுந்திருப்பதற்குள் ஏழு கேனையும் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி அளவு ஊற்றி, ஒரு பரலோக மந்திரம் சொல்லி மூடுவேன்.

இதில் ஒரு சிக்கல். கேன் கழுத்துவரை நிறைந்திருந்தது, ஊற்ற இடமில்லை. ஒவ்வொரு கேனிலிருந்தும் அரை டம்ளர் டீசலை மொண்டு எடுத்துவிட்டு அந்த இடத்தில் தீர்த்தம் ஊற்றினேன். மொண்ட டீசலை வீணாக்காமல் எங்கள் கேட்டின் கீலுக்கு விட்டேன், பிறகு எதிர்வீட்டு கேட்டுக்கும் விட்டேன். ஆறு மாதத்தில் எங்கள் சந்தில் எந்தக் கதவும் கிறீச்சிடவில்லை. மூன்றாவது மாதம் அவருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை மூடி அளவெல்லாம் பார்க்கவில்லை. நாலு பாட்டில் பிடித்து வந்து கேனுக்கு அரை பாட்டில் ஊற்றினேன். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்காது.

அதே வாரம்தான் எட்டாம் வகுப்பில் கண்ணாடிக் குவளையில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி, இரண்டும் கலக்காது, தண்ணீர் கனமானது, அடியில் போய்த் தங்கும் என்று பாடம் நடத்தினேன். வருஷாவருஷம் நடத்துகிற பாடம். தண்ணீரில் ஒரு சொட்டு ஊதா மை விட்டுக் காட்டுவேன், பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். அந்தக் குவளைக்கும் என் மாடிப்படிக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. தீர்த்தத்தை நான் தண்ணீர்க் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இதற்கிடையில் என் தம்பி ஒரு வேலை பார்த்துவைத்தான். எண்ணூர் போகும் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் உத்தியோகம். நாற்காலியில் உட்கார்ந்து லாரி எண் எழுதினால் போதும், மாதம் பிறந்தால் சம்பளம், காலுக்கும் நல்லது. எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. நீல நிற யூனிஃபார்ம் தைத்து வந்தது, தோளில் பட்டை, பையில் விசில். ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்தார். கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "பேண்டு வாத்தியக்காரன் மாதிரி கீறேன்" என்று கழற்றிக் கொடியில் போட்டார்.

ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். கட்டு பிரித்து, கம்பு ஊன்றி, பிறகு கம்பில்லாமல் நடக்க ஆரம்பித்திருந்தார். நடக்கும்போது இடது பக்கம் ஒரு சாய்வு விழுந்தது. தெருவில் போகும்போது ஆட்கள் அந்தச் சாய்வைத்தான் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டாளிகளில் ஒருவர் ஏற்கெனவே வேறு படகில் போகத் தொடங்கிவிட்டார். ஒருநாள் சாப்பிடும்போது என்னைப் பார்க்காமல் சோற்றைப் பார்த்துச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம படகு எறக்குறேன். எஞ்சினு புடிச்சு, நானும் நின்னுட்டேனா கடலு. இல்லன்னா திங்கக்கெழமலேர்ந்து விசிலு."

ஞாயிற்றுக்கிழமை இறக்குவதற்கு முன்னால் வியாழக்கிழமை எஞ்சினைக் கரையிலேயே ஓட்டிப் பார்த்தார். பள்ளி விட்டு நானும் நேராகக் கரைக்குப் போனேன். முதல் கேனைத் திறந்து டேங்கில் ஊற்றினார். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். எஞ்சின் கிளம்பியது. அவர் முகத்தில் ஆறு மாதமாகக் காணாமல் போன ஒன்று திரும்பி வந்தது. இரண்டு நிமிஷம் ஓடியது. பிறகு இருமியது. வெள்ளைப் புகை விட்டது. நின்றது.

மறுபடி சுற்றினார். இருமி நின்றது. பதினோரு முறை சுற்றினார், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எஞ்சினைப் பார்க்கவில்லை, அவர் காலைப் பார்த்தார்கள். அவர் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டுப் படகின் விளிம்பில் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது கேனைத் திறந்து, அடிவரை ஒரு ரப்பர் டியூபை விட்டு, உறிஞ்சி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தார். பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது தெளிந்தது. மேலே மஞ்சளாக டீசல். அடியில் கண்ணாடி மாதிரி சுத்தமான தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் கருப்பாக, சளி மாதிரி ஒரு வழுவழுப்பு. தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில்தான் நுண்ணுயிர் வளரும், டீசலைத் தின்று அந்த வழுவழுப்பை உண்டாக்கும், அதுதான் ஃபில்டரை அடைக்கும். இதையும் எங்கோ படித்திருக்கிறேன். பதினெட்டு வருஷம் நான் போர்டில் வரைந்த படம் என் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

பெட்ரோல் பங்க்காரன் தண்ணீர் கலந்துவிட்டான் என்றார் அவர். சட்டையை மாட்டினார். ஓரமாக வைத்திருந்த கம்பைக் கையில் எடுத்தார். நடப்பதற்காக எடுக்கவில்லை என்று பிடித்த பிடியிலேயே தெரிந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பங்க்கில் சண்டை நடக்கும், ஒன்றும் தீராது, ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் பிடிக்காது, திங்கட்கிழமை விசில். புது டீசல் வாங்க அப்போது வழியில்லை, இருந்த பணமெல்லாம் ஸ்குரூவாக அவர் காலுக்குள் இருந்தது. கணவன் தரையில், நாற்காலியில், நிழலில். இருபது வருஷமாகக் காற்று அடிக்கும்போதெல்லாம் நான் வாசலுக்கு வந்து நிற்கிற வேலை அதோடு முடிந்துவிடும். அவர் கேட் வரை போனார். எண்ணெய் போட்ட கேட் சத்தமில்லாமல் திறந்தது. பங்க்கில் பெட்ரோல் போடுகிற பெண் எங்கள் பள்ளியில் படித்தவள், அவள் மேல் கம்பு ஓங்குவாரே என்று நினைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பங்க்ல இல்ல. நான்தான் ஊத்தினேன்" என்றேன்.

அவர் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: தியேட்டர் வாசல், முதல் வெள்ளி, பாட்டில், மூன்றாவது மாதத்து அரை பாட்டில். நடுவில் நிறுத்தி, ஏழு கேனிலுமா என்று கேட்டார். ஒரு கேனுக்கு மட்டும் ஊற்றினால் சரியாக இருக்காதே என்றேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பதினெட்டு வருசமா புள்ளைங்களுக்கு இன்னாமே சொல்லிக் குடுத்த நீ?"

சாமியைத் திட்டமுடியாது என்பதால் சாமிக்கு உரியதையும் சேர்த்து என்னையே திட்டினார். அரைமணி நேரம் திட்டினார். ஒரு வார்த்தைகூட அநியாயமில்லை.

மறுநாள் பள்ளியில் அரை நாள் லீவு போட்டு, ஒரு காலிக் கேனையும் ஜன்னலிலிருந்த அந்தப் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அங்கே பழைய கேன், டிரம் வாங்கிக் கழுவி விற்கிற ஒரு பாய் இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு நெடுநாள் தோஸ்து. கேனை முகர்ந்தே இதில் இன்னது இருந்தது என்று சொல்லுவார், பத்து வருஷத்துக்கு முந்தைய சரக்கானாலும். நான் கொண்டுபோன பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார்.

"இது பங்க் தண்ணி இல்ல டீச்சரம்மா. பங்க் தண்ணி இவ்ளோ சுத்தமா இருக்காது" என்றார்.

அவரிடமும் உண்மையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நல்ல எண்ணத்தில் செய்தது என்று தலையாட்டிவிட்டு வேலையைச் சொல்லிக்கொடுத்தார். கேனை ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைக்கவேண்டும், எல்லாம் அடியில் இறங்கும். டியூபை அடிவரை விடாமல், நாலு விரல் மேலேயே நிறுத்தி, மேலிருக்கும் டீசலை மட்டும் இழுக்கவேண்டும். அடியில் மிஞ்சியதைத் தனியாகக் கொட்டவேண்டும். பிறகு காலிக் கேனில் ஒரு கை சுத்தமான கூழாங்கல்லும் அரை லிட்டர் நல்ல டீசலும் போட்டு, மூடி, ஆட்டு ஆட்டென்று ஆட்டவேண்டும். உள்ளே ஒட்டிய வழுவழுப்பை அந்தக் கல் உரித்தெடுக்கும். அழுக்கு வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். சோப்புத் தண்ணீர் போடக்கூடாது, போட்டால் மறுபடி தண்ணீர்தான். மூடியில் இருக்கும் ரப்பர் வாஷரையும் கழற்றித் துடைக்கவேண்டும், அதன் அடியில்தான் அழுக்கு ஒளிந்திருக்கும். கடைசியில் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து நல்ல வெயிலில் காயவைக்கவேண்டும்.

மிஞ்சுகிற அழுக்கைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது, தானே வந்து கழிவு எண்ணெயோடு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அங்கேதான் எனக்கு அடுத்த தலைவலி. அந்த அழுக்கில் பாதி தீர்த்தம். தீர்த்தத்தைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கழிவு எண்ணெய் டிரம்மில் ஊற்றலாமா?

மாலையில் கோயிலுக்குப் போய், பாவமன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டேன். சாமியார் தென்மாவட்டத்துக்காரர், இளையவர், எங்கள் பங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூடியைத் திறந்து பிடிக்கிற வழக்கத்தைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"மொத்தம் எத்தனை லிட்டர்?" என்றார்.

எந்தப் பாவத்துக்கும் இதற்கு முன் இந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டதில்லை. தோராயமாகச் சொன்னேன். மந்திரித்த தண்ணீரைச் சுத்தமான மண்ணில் ஊற்றுவதுதான் முறை என்றார். டீசல் கலந்ததை ஊற்றினால் அந்த மண் சுத்தமாக இருக்காதே ஃபாதர் என்றேன். அதோடு திருவொற்றியூரில் சுத்தமான மண் எங்கே இருக்கிறது என்றும் கேட்டேன். கெட்டுப்போன பின் அது தீர்த்தமில்லை, கழிவுதான், பாயிடமே கொடுங்கள் என்று முடிவாகச் சொன்னார். பரிகாரமாக ஒரு ஜெபமாலை, அதோடு இனி டீசல் கேன் பக்கமே போகக்கூடாது என்றார். நாளைக்கு ஏழு கேன் கழுவவேண்டியிருக்கிறது, அதனால் நாளை மறுநாளிலிருந்து என்றேன். ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை முழுக்க வீட்டுக்கு முன்னால் கேன் கழுவினேன். அவரால் கேனைத் தூக்கி ஆட்டமுடியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, பரீட்சை ஹாலில் நான் உட்காருவதுபோலவே உட்கார்ந்து, கண்காணித்தார். ஒரு கேனைக் கட்டிப்பிடித்துக் கூழாங்கல் கடகடக்க ஆட்டினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வராமல் இருப்பார்களா? காலையில் நாலு பேர், மதியத்துக்குள் சந்து முழுக்க. யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. வியாழக்கிழமை திட்டியதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. முன்பெல்லாம் என்னைக் கண்டால் ஒதுங்கிப்போகிற பழைய மாணவன் ஒருவன், "டீச்சர், தண்ணி எண்ணெயோட கலக்காது டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

இழுத்த டீசலை வெள்ளை வேட்டித்துணியை நாலாக மடித்து வடிகட்டினோம். ஏழு கேன் அழுக்கை நீக்கிய பிறகு ஆறு கேனுக்கும் குறைவாகவே தேறியது. சாயங்காலம் பாய் தன் மூன்று சக்கர வண்டியில் வந்தார். அழுக்கை ஊற்றப் பெரிய டிரம் இருந்தும், அதில் ஊற்றாமல் ஒரு காலிக் கேனைத் தனியாகக் கொண்டுவந்திருந்தார். தனியாகவே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். கோயிலில் கழிவு என்று சொல்லிவிட்டார்களே என்றேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் கேனைத்தான் நீட்டினார். நான் அதிலேயே ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கரைக்குப் போனோம். மிச்சமிருந்த ஒரு கூட்டாளி எஞ்சின் டேங்கையும் ஃபில்டரையும் கழுவி வைத்துக் காத்திருந்தார். படகில் எஞ்சின் பக்கத்தில் ஃபில்டருக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் உண்டு, தண்ணீர் இருந்தால் அதில்தான் சேரும். திருகைத் திறந்து அதை வெளியேற்ற ஒரு ஆள் வேண்டும். கூட்டாளி முன்பக்கம் நிற்கவேண்டும், இவர் சுக்கான் பிடிக்கவேண்டும். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் அந்தப் படகில் கால் வைத்ததில்லை. எங்கள் கரையில் பெண்கள் மீன் விற்பார்கள், வலை இழுக்கிற கயிற்றுக்குக் கைகொடுப்பார்கள், படகில் ஏறமாட்டார்கள். பெரியவர் ஒருவர் இது நல்லதுக்கில்லை என்று முணுமுணுத்தார்.

"பொம்பளயா வரல பெரிப்பா, மெக்கானிக்கா வர்றா. கலந்தவதான் கக்க வெக்கணும்" என்றார் இவர்.

அவர் குரல் தைரியமாகத்தான் இருந்தது. ஆனால் கைப்பிடியை எஞ்சினில் இரண்டு முறை மாட்டத் தவறினார். மூன்றாவது முறை மாட்டிச் சுற்றினார், எஞ்சின் பிடித்தது. அலையைத் தடுக்கப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களைத் தாண்டும்போது ஒரு தடவை இருமியது. நான் கிண்ணத்தைப் பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் ஒரு முத்து அளவு தண்ணீர் உருண்டது. திருகைத் திறந்து விட்டேன், சொட்டியது, மூடினேன். எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது. நான் பக்கவாட்டில் குனிந்து காலையில் குடித்த காப்பியைக் கடலுக்குக் கொடுத்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது கரை சின்னதாகியிருந்தது. ஒரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள், இன்னொரு பக்கம் எண்ணூர்ப் புகைபோக்கிகள், நடுவில் எங்கள் வீடு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. படகு இடமும் வலமும் ஆடியது. நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் எதையும் பிடிக்கவில்லை. சுக்கானை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நின்றார். இடது பக்கச் சாய்வு இல்லை. நான் மறுபடி மறுபடி பார்த்தேன். தெருவில் எல்லோரும் உற்றுப் பார்த்த அந்தக் காலை இங்கே தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. எல்லாமே ஆடுகிற இடத்தில் அவர் ஒருவர்தான் நேராக நின்றார்.

சாமியாரிடம் சொல்லாத ஒன்று என்னிடம் மிச்சமிருந்தது. அதை அங்கே சொன்னேன், எஞ்சின் சத்தத்துக்கு மேல், கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேனைத் திறந்து, கால் குணமாகவேண்டும் என்று வாய் சொல்லும்போது, இந்த மனுஷன் திரும்பக் கடலுக்குப் போகக்கூடாது என்றுதான் மனசு வேண்டிக்கொண்டது. ஆறு மாதமும் அதே வேண்டுதல். வியாழக்கிழமை எஞ்சின் நின்றபோது, என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"எனக்கும் அப்டித்தான் இருந்திச்சு. எஞ்சினு நின்னப்ப உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்திச்சு. சொல்லல" என்றார். பிறகு, "இப்ப பயம் இல்ல" என்றார்.

எனக்குப் பயம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனாலும் அந்த மனிதரை இறக்கி ஒரு நாற்காலியில் உட்காரவைத்து லாரி எண் எழுதச் சொல்வதற்கு எனக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. நான் அழுதேன். உப்புத் தண்ணீர் எல்லா இடத்திலும் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

கரைக்கு வந்தோம். அவர் மணலில் இறங்கினார். முதல் அடியிலேயே அந்தச் சாய்வு திரும்பி வந்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டார். வலை பின்னுகிறவர்கள் மறுபடி காலைப் பார்த்தார்கள். நான் ஈரப் புடவையோடு நின்றபடியே தம்பிக்கு ஃபோன் போட்டு, நாளைக்கு மாமா வேலைக்கு வரமாட்டார், யூனிஃபார்மை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்றேன். கால் இன்னும் சரியாகவில்லையா என்று பதறினான்.

"காலு நல்லாத்தான் கீதுடா. தரைதான் அவருக்கு ஒத்துக்கல" என்றேன்.